டெற்றோயிற் ஆற்றின் அடியில் கல் போட்ட கதை



வின்சர் நகருக்கும் டெற்றோயிற் நகருக்கும் நடுவே ஓடும் ஆற்றை நம்மவர்களில் அநேகர் ஓர் எல்லையாகத்தான் அறிவார்கள். அம்பாசடர் பாலத்தாலோ ஆற்றுக்குக் கீழே போகும் சுரங்கப் பாதையாலோ கடந்திருப்பார்கள். அமெரிக்கா வழியாக வந்து, அந்த எல்லையில் தஞ்சம் கேட்டுக் காத்திருந்தவர்களும் நம்மிடையே உண்டு. பத்திரங்களைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடக்கிறவருக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்க்க ஏது மனம்? இம்மாத உரையில் அந்தத் தண்ணீருக்கு அடியில் நடந்த கதையைச் சொல்லப் போகிறேன். மீன்கள் முட்டையிடும் இடத்தை மனிதர் அழித்தார்கள். நூறு வருடம் கழித்து, தட்டைப் படகுகளில் கல்லை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டி, அந்த இடத்தைத் திரும்ப உண்டாக்கப் பார்த்தார்கள். நான் மீன் விஞ்ஞானி அல்ல, கணக்காளர். ஆகவே இதைக் கொஞ்சம் வரவு செலவுக் கண்ணோடுதான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஹூரன் ஏரியின் தண்ணீர் சென்ற் கிளயர் ஆற்றால் இறங்கி, சென்ற் கிளயர் ஏரியில் சற்றுத் தங்கி, பிறகு டெற்றோயிற் ஆறாகி ஈரி ஏரியில் விழுகிறது. டெற்றோயிற் ஆற்றின் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர்தான். 1701ஆம் ஆண்டு கடியாக் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே கோட்டை கட்டிக் குடியேறினார். 'டெற்றுவா' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நீரிணை என்று பொருள். நம்முடைய பாக்கு நீரிணையில் வருகிற அதே நீரிணைதான். ஆறு என்று பெயர் வைத்தாலும், இரண்டு ஏரிகளுக்கு இடையில் தண்ணீர் விரைந்து ஓடும் ஒடுக்கமான வாய்க்கால் அது.

அந்த ஒடுக்கமும் விரைவுமே மீனுக்கு வேண்டியவை. மலையிலிருந்து இறங்கும் ஆறு மண்ணை அள்ளிக்கொண்டு வரும். இந்த ஆறோ ஏரியிலிருந்து வருவதால், மண்ணில் பெரும்பங்கை ஏரி அடியிலேயே விட்டுவிட்டு ஓரளவு தெளிந்தே வருகிறது. பழைய ஆற்றின் அடியில் சுண்ணாம்புப் பாறையும் சரளைக் கல்லும் கிடந்தன. கல்லின் மேல் விரைவாக ஓடும் நீர் முட்டைக்குக் காற்றைக் கொண்டுவரும், கல்லிடுக்கு முட்டையை ஒளித்து வைக்கும். கடற்றொழில் தெரிந்த நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம் கரையோரங்களில் 'பார்' என்று சொல்வார்களே, மீன் அடையும் கல்நிலம், அதுபோன்ற பார்களே அந்த ஆற்றின் அடி முழுவதும் இருந்தன. ஈரி ஏரியில் வாழ்ந்த மீனும் சென்ற் கிளயர் ஏரியில் வாழ்ந்த மீனும் முட்டையிட அங்கே வந்தன.

இரண்டு மீன்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று வைற்ஃபிஷ். இலையுதிர் காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரேரிகளிலேயே அதிக இலாபம் தந்த வைற்ஃபிஷ் தொழில்களில் ஒன்று இங்கேதான் நடந்தது. கரைவலை இழுத்துப் பிடித்த மீனை உடனே விற்காமல், ஆற்றோரம் அடைப்புகள் கட்டி உயிரோடு வைத்திருந்து, குளிர்காலத்தில் விலை ஏறிய பிறகு விற்பார்கள். கையிருப்பை வைத்து விலைக்குக் காத்திருக்கும் அந்த வியாபாரப் புத்தியைப் பார்த்து ஒரு கணக்காளன் தலையாட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் பிடிபட்டவை முட்டையிடப் போகிற வழியில் அகப்பட்ட மீன்கள்.

மற்றது ஸ்ரேர்ஜன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செதிலுக்குப் பதிலாக உடலில் எலும்புத் தட்டுகள் வரிசையாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் குருத்தெலும்பு. வால் சுறாவின் வால்போல, வாய்க்கு முன்னால் கெளிற்று மீனுக்கு உள்ளதுபோல மீசை. அந்த மீசையால் அடியைத் தடவித் தடவி இரை தேடும். ஆறடிக்கு மேல் வளரும். ஆண் மீன் 50 வருடத்துக்கு மேலும், பெண் மீன் 100 வருடத்தைத் தாண்டியும் வாழக்கூடும். ஆனால் பெண் மீன் முதன்முறை முட்டையிட ஏறக்குறைய 20, 25 வயதாக வேண்டும். அதன் பிறகும் வருடா வருடம் இல்லை, நான்கு முதல் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த வயதுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் இந்த மீனை மீனவர்கள் வெறுத்தார்கள். வலையைக் கிழித்துவிடும், விற்கவும் முடியாது. பிடிபட்டதைக் கரையில் எறிந்தார்கள், வயலுக்கு உரமாகப் போட்டார்கள். விறகுபோல அடுக்கிவைத்து, எண்ணெய் நிறைந்த அதன் உடலை நீராவிக் கப்பல்களின் கொதிகலனில் எரித்தார்கள் என்றும் அக்காலத்து வரலாறுகள் சொல்கின்றன. பிறகு 1860களில் ஒகையோ மாநிலத்து சண்டஸ்கி நகரில் புகையூட்டிய ஸ்ரேர்ஜனுக்கும் அதன் சினைக்கும் சந்தை கிடைத்தது. சினை கவியார் ஆயிற்று. காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை பியரையும் வைனையும் தெளிவாக்கப் போனது. வெறுத்தபோது அழித்ததைவிட விரும்பியபோது அழித்தது அதிகம். 1885ஆம் ஆண்டு ஈரி ஏரியில் மட்டும் 50 இலட்சம் இறாத்தலுக்கு மேல் பிடித்தார்கள். பத்தே வருடத்தில் அது சரிந்துபோயிற்று. இருபத்தைந்து வயதில் முதல் பிள்ளை பெறும் ஒரு மீனை அந்த வேகத்தில் பிடித்தால் வேறென்ன நடக்கும்? வட்டியை விட்டுவிட்டு முதலை எடுத்துச் செலவழித்தார்கள்.

பிடித்ததோடு நின்றிருந்தால் மீன் ஒருவேளை மெல்லத் திரும்பியிருக்கும். அதே காலத்தில் ஆற்றின் அடியையே தோண்ட ஆரம்பித்தார்கள். 1874இல் தொடங்கியது அந்த வேலை. இரும்புத் தாதும் நிலக்கரியும் தானியமும் ஏற்றிய கப்பல்கள் வரவரப் பெரிதாகின. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாறை மேடாக இருந்ததால் அவை தட்டின. லிவிங்ஸ்ரன் கால்வாய் என்ற புது வழியை 1907 முதல் 1912 வரை வெட்டினார்கள். அதன் ஒரு பகுதியை வெட்டுவதற்கு ஆற்றுக்குள்ளேயே அணை கட்டி, தண்ணீரை இறைத்து, காய்ந்த ஆற்றுத் தரையில் தண்டவாளம் போட்டு, பாறையை வெடிவைத்து அள்ளினார்கள். பொறியியல் சாதனை என்று அக்காலத்தில் உலகமே மெச்சியது. வெடித்து அள்ளிய பாறைதான் மீன்களின் பார் என்பதை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 2011இல் வெளியிட்ட ஓர் அறிக்கை இந்த வேலைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தது. 1874 முதல் 1968 வரை 96.5 கிலோமீற்றர் நீளத்துக்குக் கப்பல் வழிகள் வெட்டப்பட்டன. ஆறே 50 கிலோமீற்றர்தானே என்று கேட்பீர்கள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று பல வழிகள், அவற்றைக் கூட்டினால் வருகிற நீளம் அது. அள்ளிய மண்ணும் கல்லும் 4 கோடி 62 இலட்சம் கன மீற்றர். இந்த எண் மனதில் நிற்காது என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லொறி ஒன்றுக்கு 10 கன மீற்றர் என்றால் 46 இலட்சம் லொறிக்கு மேல். ஒரு லொறி 8 மீற்றர் என்று வைத்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், பூமியைக் கிட்டத்தட்ட ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அள்ளியதை எங்கே போட்டார்கள்? பெரும்பகுதியை ஆற்றுக்குள்ளேயே வேறோர் இடத்தில். அப்படி மூடுண்ட ஆற்றுத் தரை 4,050 ஹெக்டேயர், அதாவது 40 சதுர கிலோமீற்றருக்கு மேல். தோண்டிய இடத்தில் பார் போயிற்று, கொட்டிய இடத்தில் இருந்ததும் புதைந்தது.

அன்றைக்கும் மீன் குறைவதைக் கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆற்றின் இரு கரைகளிலும் பொரிப்பகங்கள் வைத்தார்கள். நம் பக்கத்தில் சான்ட்விச் என்ற ஊரில் 1876இல் ஒன்று திறக்கப்பட்டது. வைற்ஃபிஷ் சினையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் ஆற்றிலும் ஏரியிலும் விட்டார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ஒரு பக்கம் வீட்டை இடித்துக்கொண்டு, மறுபக்கம் குடியிருக்க ஆள் அனுப்புகிற வேலை அது. 1916க்குப் பிறகு டெற்றோயிற் ஆற்றில் வைற்ஃபிஷ் முட்டையிட்டதற்கான சான்று, இந்த நூற்றாண்டு வரும்வரை கிடைக்கவேயில்லை.

அதன் பின் வந்தது அழுக்கின் காலம். இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தொழிற்சாலை நதிகளின் கதை எங்கும் ஒன்றுதான். 1948 குளிர்காலத்தில் ஆற்றில் மிதந்த எண்ணெயில் சிக்கி ஏறக்குறைய 11,000 வாத்துகள் செத்தன. வேட்டைக்காரர்கள் அந்த வாத்துகளை வாகனங்களில் ஏற்றிக்கொண்டு போய் லான்சிங் நகரில் உள்ள மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் கொட்டினார்கள். 1969 ஒக்ரோபரில் கிளை ஆறான றூஜ் தீப்பிடித்து எரிந்தது. 1970இல் மீன்களில் பாதரசம் இருப்பது தெரிந்து, சென்ற் கிளயர் ஏரி முதல் ஈரி ஏரி வரை மீன்பிடியை மூடினார்கள். அந்தப் பாதரசத்தைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர் நோர்வேயிலிருந்து ஒன்ராறியோவுக்குப் படிக்க வந்த மாணவர், நோர்வால்ட் ஃபிம்றைற் என்பவர். ஊருக்குப் புதிதாக வந்தவன் கண்ணுக்குச் சில விடயங்கள் முதலில் தெரிந்துவிடுகின்றன போலும்.

1972இல் கனடாவும் அமெரிக்காவும் பேரேரி நீர்த் தர உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதே ஆண்டு அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டமும் வந்தது. கழிவுநீர் ஆலைகள் மேம்பட்டன, எண்ணெயும் பொஸ்பரசும் குறைந்தன. பிக்கரெல் என்று நாம் வாங்கிச் சமைக்கிறோமே, வோல்ஐ மீன், அது ஈரி ஏரியில் மீண்டும் பெருகியது. ஆனால் ஸ்ரேர்ஜன் பெருகவில்லை. தண்ணீர் சுத்தமானாலும் முட்டையிட இடம் இல்லை. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டி விஞ்ஞானிகள் சில ஸ்ரேர்ஜன்களைப் பிடித்து, உடலில் சிறு ஒலிபரப்பிகளைப் பொருத்தி விட்டார்கள். நம்மைப்போல அவையும் தொண்டர் ஒலிபரப்பாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்! அந்த ஒலியைப் பின்தொடர்ந்து போனால், 2001 வசந்தகாலத்தில் மீன்கள் கூடிய இடம் டெற்றோயிற் கரையில் உள்ள ஸக் தீவின் அருகே. இரும்பாலைகளும் உலைகளும் நிறைந்த, ஆற்றங்கரையிலேயே மிகக் கரிபடிந்த இடம். அங்கே ஆற்றின் அடியில் கிடந்தது நிலக்கரி எரித்த பின் மிஞ்சும் கட்டிச் சாம்பல், கல்போல இறுகிய கரித்துண்டுகள். யாரோ என்றோ கழிவாகக் கொட்டியது. ஸ்ரேர்ஜன் அதன் மேல் முட்டையிட்டிருந்தது. மேலே சென்ற் கிளயர் ஆற்றின் கிளை ஒன்றிலும், அல்கொனக் என்ற ஊருக்கு அருகில், நீராவிக் கப்பல்கள் நூறு வருடத்துக்கு முன் கொட்டிய அதே வகைக் கரித்துண்டுகளின் மேல்தான் இந்த மீன் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

எந்த நீராவிக் கப்பல்களின் அடுப்பில் இந்த மீனை விறகாகப் போட்டார்களோ, அந்தக் கப்பல்கள் கொட்டிய சாம்பல் அதன் பேரக்குஞ்சுகளுக்குப் பாராக இருந்திருக்கிறது. இதை வாசித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. மீன் மன்னித்துவிட்டது என்றெல்லாம் நான் கதை சொல்ல மாட்டேன். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கல் இல்லாத இடத்தில் கல் போன்ற ஒன்று கிடைத்தது.

விஞ்ஞானிகளுக்கு அது ஒரு செய்தியைச் சொன்னது. மீன் இன்னும் இருக்கிறது, இடம் கொடுத்தால் வரும். 2004இல் டெற்றோயிற் நகரத்துப் பூங்காத் தீவான பெல் ஐலின் மேல்முனையில் முதல் பாரைக் கட்டினார்கள். 1,080 சதுர மீற்றர், மூன்று படுக்கைகள். ஒன்றில் உடைத்த சுண்ணாம்புக் கல், ஒன்றில் உருண்டைக் கல், மூன்றாவதில் நிலக்கரிச் சாம்பற்கட்டி. மீனிடமே எது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். வோல்ஐ வந்தது, வேறு மீன்களும் வந்தன, ஸ்ரேர்ஜன் வரவில்லை. ஆனால் 2006இல் எதிர்பாராத ஒரு வரவு கிடைத்தது. ஆற்றில் வைற்ஃபிஷ் முட்டையிட்டதற்கான சான்று, 90 வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக.

அடுத்த முயற்சி கனடாப் பக்கத்தில், ஃபைற்றிங் தீவின் அருகே. அந்தத் தீவின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகச் சோடாத் தொழிற்சாலையின் வெள்ளைக் கழிவைக் கொட்டிய இடம். 2008 ஒக்ரோபரில் தீவுக்கு அருகே ஆற்றின் அடியில் 12 படுக்கைகள், மொத்தம் 3,300 சதுர மீற்றர். மீன் முட்டையிடும் இடத்துக்காக இரண்டு நாடுகளும் சேர்ந்து பணம் போட்டுப் பேரேரிப் பகுதியில் செய்த முதல் வேலை அது. அடுத்த வசந்தகாலம், 2009 மே மாதம், ஸ்ரேர்ஜன் வந்து முட்டையிட்டது. கனடாப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் காணாத காட்சி.

முட்டை இட்டதை எப்படி அறிந்தார்கள் என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வீட்டு நிலவறையில் ஃபேர்னஸுக்கு மாற்றுகிறோமே தூசி வடிகட்டி, அதே பஞ்சை ஓர் இரும்புச் சட்டத்தில் சுற்றி, கயிறு கட்டி ஆற்றின் அடியில் விடுவார்கள். ஸ்ரேர்ஜன் கூடு கட்டாது, முட்டையை நீரில் தூவிவிட்டுப் போய்விடும். முட்டை பசைத்தன்மை உள்ளது, எங்கே பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். சில நாட்களுக்கு ஒருமுறை சட்டத்தை மேலே இழுத்து, பஞ்சில் ஒட்டியிருப்பவற்றை எண்ணுவார்கள். கோடிக்கணக்கான டொலர் ஆராய்ச்சியின் கடைசி முனையில் ஒரு வன்பொருட்கடைச் சாமான்!

ஒட்டிய முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும். குஞ்சு உடனே நீந்திப் போகாது. வயிற்றோடு ஒட்டிய கருவுணவு தீரும்வரை கல்லிடுக்கில் ஒளிந்திருந்து, பிறகு இரவு நேரத்தில் நீரோட்டத்தோடு மிதந்து கீழே போகும். அதனால் இடுக்குத்தான் உயிர். பாரை இரண்டடி தடிப்பாகக் கட்டுவதும் அதற்காகத்தான். இடுக்கு இல்லாவிட்டால் முட்டையைத் தின்ன ஆள் காத்திருக்கிறது. 1990இல் சென்ற் கிளயர் ஆற்றில் முதலில் காணப்பட்ட கோபி என்ற சிறு மீன், தூர தேசத்துக் கப்பல்களின் அடித்தொட்டி நீரில் வந்து சேர்ந்தது, இன்று ஆறு முழுவதும் பரவி முட்டைகளைத் தின்கிறது. வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த ஸ்ரேர்ஜன் அந்தக் கோபியைத் தின்கிறது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைற்றிங் தீவுப் பாரின் சில படுக்கைகளிலும், 2012இல் சென்ற் கிளயர் ஆற்றின் கழிமுகத்தில் கட்டிய பாரிலும் மணல் வந்து இடுக்குகளை அடைத்தது. எங்கள் தொழிலில் பெறுமானத் தேய்வு என்போம். இயந்திரம் வாங்கிய நாளிலிருந்தே அதன் பெறுமதி குறையத் தொடங்கும், அதைக் கணக்கில் காட்டாதவர் தன்னைத்தானே ஏமாற்றுகிறார். இங்கே பாராட்ட வேண்டியது, அவர்கள் அதைக் கணக்கில் காட்டினார்கள். நீருக்குள் இறங்கியும் ஒலியலைக் கருவியால் படம் பிடித்தும், எங்கே மணல் சேர்கிறது, ஏன் சேர்கிறது என்று பார்த்து வெளியே எழுதினார்கள். கல்லின் வகையைவிட ஓட்டமும் இடமும் முக்கியம் என்று தெரிந்தது. பின்னர் கட்டிய பார்களுக்கு உடைத்த சுண்ணாம்புக் கல் ஒன்றையே பயன்படுத்தி, இடம் தெரிவதில் அதிகக் கவனம் வைத்தார்கள். 2014இல் சென்ற் கிளயர் ஆற்றில் இரண்டு, 2015இல் டெற்றோயிற் ஆற்றில் கிறாசித் தீவருகே ஒன்று, 2016இல் பெல் ஐலில் பழைய பாரின் விரிவு, 2018இல் ஃபோர்ட் வெயின் அருகே ஒன்று. இவற்றுக்கான பணத்தின் பெரும்பகுதி 2010இல் அமெரிக்கா தொடங்கிய பேரேரி மீட்புத் திட்டத்திலிருந்து வந்தது.

இடம் தெரிவது இலேசான வேலை இல்லை. ஓட்டம் விரைவாக இருக்க வேண்டும், ஆனால் அது கப்பல் வழியாக இருக்கக் கூடாது. 1,000 அடி நீளமான தாதுக் கப்பல்கள் அந்த ஆற்றால் போகின்றன, அவற்றின் சுழலி அடித்தால் கல்லே இடம் மாறும். கொட்டும் கல் நீர்மட்டத்தை உயர்த்தவும் கூடாது. கீழே நச்சுச் சேறு இருந்தால் கிளறக் கூடாது. எல்லாம் சரியாக அமைந்த இடத்தில் மனிதர் ஏற்கெனவே ஏதோ ஒன்றைக் கட்டியிருப்பார்கள். நெருக்கடியான நகரத்தில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த அலைச்சல் புரியும்.

முட்டையிடும் இடம் மட்டும் போதாது, குஞ்சு வளரும் இடமும் வேண்டும். ஆற்றங்கரைச் சதுப்புகள்தான் பல மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். டெற்றோயிற் ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் 97 வீதம் கட்டடங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போய்விட்டது. கரை நெடுக இரும்புத் தகடும் கொங்கிறீற்றும். அமெரிக்கக் கரையில் கடைசியாக ஒரு மைல் நீளத்துக்கு மிஞ்சியிருந்த இயற்கைக் கரை ஹம்பக் சதுப்பு. அதில் வீடுகள் கட்டவிருந்த திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். 2001 டிசம்பரில் உருவான டெற்றோயிற் ஆற்றுச் சர்வதேச வனவிலங்குப் புகலிடத்தில் அது பின்னர் சேர்க்கப்பட்டது. 'புகலிடம்' என்ற சொல் நமக்கு எத்தனை பழக்கம்! இரண்டு நாடுகள் சேர்ந்து ஓர் ஆற்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது வட அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. பெல் ஐல் தீவில் அடைபட்டுக் கிடந்த புளூ ஹெரன் என்ற நீர்த்தேக்கத்தை வெட்டித் திறந்து மீண்டும் ஆற்றோடு இணைத்தார்கள். ஸ்ரோனித் தீவு, செலரன் தீவு ஆகியவற்றின் ஓரம் கல் வரம்புகள் போட்டு, அலை அடிக்காத ஆழமற்ற நீரை உண்டாக்கினார்கள். பார் வேலைக்குக் கிடைத்த பெயர் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் இவையும் சம அளவு முக்கியம்.

இந்த விடயத்தை ஒருநாள் நிகழ்ச்சியில் சுருக்கமாகச் சொன்னபோது நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "தம்பி, மனிசருக்கே வீடில்லாமல் இருக்குது. மீனுக்கு வீடு கட்டுறதுக்கு இவ்வளவு காசோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீன் பெருகினால் மீன்பிடி, உல்லாசப் பயணம், வருமானம் என்று அன்றைக்கு ஏதோ பதில் சொன்னேன். அது அவரைத் திருப்திப்படுத்தியிருக்காது. இப்போது ஐந்தொகையாகவே போட்டுப் பார்க்கிறேன்.

மூடிய ஆற்றுத் தரை 4,050 ஹெக்டேயர். ஃபைற்றிங் தீவில் முதலில் கட்டிய பார் ஒரு ஹெக்டேயரில் மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டாயிரம் பார் கட்டினால்தான் ஈடாகும். மூடியதெல்லாம் முட்டையிடும் நிலம் அல்ல என்று பாதிக்குமேல் கழித்தாலும், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான். இதுவரை கட்டிய எல்லாவற்றையும் கூட்டினாலும் சில பத்து ஏக்கருக்குள் அடங்கும். இந்தக் கணக்குச் சமப்படாது. ஒருபோதும் சமப்படாது. எந்தக் கணக்காய்வாளரும் இதை 'மீட்பு' என்று எழுதக் கையொப்பம் வைக்க மாட்டார்.

அப்படியானால் செய்தது வீணா? இங்கேதான் அந்த வயதுக் கணக்கு வருகிறது. 2009இல் ஃபைற்றிங் தீவுப் பாரில் பொரித்த ஒரு பெண் குஞ்சு உயிரோடு இருந்தால் இன்னும் முட்டையிடும் வயதுக்கு வந்திராது. அது முதன்முறை ஆற்றுக்கு ஏறிவர 2030 தாண்டும். நாங்கள் கணக்கு முடிப்பது வருடத்துக்கு ஒருமுறை, அரசாங்கங்கள் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை. இந்த மீனின் ஒரு கணக்காண்டு கால் நூற்றாண்டு. பாரைக் கட்டியவர்களில் சிலர் ஏற்கெனவே ஓய்வுபெற்றுவிட்டார்கள். அந்த முதல் வரவைப் பதிய வேறு யாராவது படகில் இருக்க வேண்டும். இப்போதைக்கு, ஹூரன் ஏரியின் வாயிலிருந்து ஈரி ஏரி வரையிலான இந்த நீர்வழியில் ஏறக்குறைய 30,000 ஸ்ரேர்ஜன்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பேரேரிகளில் எஞ்சிய மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று அது. அவற்றில் மிகுதியானவை முட்டையிடுவது மனிதர் கட்டிய பாரில் அல்ல. சார்ணியாவுக்கும் போர்ட் ஹூரனுக்கும் இடையிலுள்ள புளூ வாட்டர் பாலத்தின் கீழே, இயற்கையாக அமைந்த ஆழமான கல்நிலத்தில். அந்த நேயர் மறுபடி எடுத்தால் இதைத்தான் முதலில் சொல்வேன். கட்டிய பார் நல்லது, ஆனால் தோண்டாமல் விட்ட பார் அதைவிடப் பன்மடங்கு மலிவு.

2021 ஏப்ரலில் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவையின் ஆட்கள் டெற்றோயிற் ஆற்றில் வழக்கமான கணக்கெடுப்புச் செய்தபோது ஒரு மீன் மாட்டியது. மூன்று பேர் சேர்ந்து படகில் ஏற்றினார்கள். 240 இறாத்தல் எடை, 6 அடி 10 அங்குல நீளம், சுற்றளவு ஏறக்குறைய நாலடி. பெண் மீன் என்றும் வயது நூறுக்கு மேல் இருக்கலாம் என்றும் கணித்தார்கள். அப்படியானால் லிவிங்ஸ்ரன் கால்வாய் திறந்து சில வருடங்களில் பொரித்திருக்கும். எண்ணெய் மிதந்த குளிர்காலம், பாதரசம், எரிந்த றூஜ் எல்லாவற்றின்போதும் இது இதே தண்ணீரில் இருந்திருக்கிறது. அளந்து, குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றில் விட்டார்கள்.

வின்சர் பக்கம் தூண்டிலோடு போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் ஸ்ரேர்ஜன் பிடிக்கத் தடை உண்டு. தவறி மாட்டினால் நீரிலிருந்து அதிக நேரம் வெளியே வைக்காமல் உடனே விட்டுவிட வேண்டும். மற்ற மீன்களைச் சமைப்பதென்றால், எந்த நீரில் எந்த மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று மாகாண அரசு வெளியிடும் வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாதரசமும் பிசிபி என்ற நச்சும் அடிச்சேற்றில் இன்னும் கிடக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் தனி அளவு போட்டிருக்கிறது. பெரிய மீனைவிடச் சிறிய மீனில் நச்சுக் குறைவு.